ஏழுமலை அண்ணன் வாயில் என் குரல்

"…அதெல்லாம் சரி சேகரு. வாயி அவருது. அதுக்குள்ளேர்ந்து வர்ற கொரலு இன்னாத்துக்கு உன்னுதா கீது?"

கஸ்தூரி அண்ணி இதைக் கேட்டபோது பந்தலுக்குக் கீழே உறவும் தெருவும் நிறைந்து உட்கார்ந்திருந்தது. அன்று அவருடைய கணவர் ஏழுமலை அண்ணனுக்குக் கருமாதி. எதிரே, சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவந்து வைத்த பெரிய டிவியில், ஏழுமலை அண்ணன் பாதி வாய் திறந்தபடி அசையாமல் நின்றிருந்தார் (பதற்றத்தில் நான்தான் படத்தை நிறுத்திவிட்டிருந்தேன்). பக்கத்திலேயே மாலை போட்ட படத்திலும் அவர்தான். இரண்டு ஏழுமலை அண்ணன்களும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

ஒரு மனிதனிடம் நல்ல கேமரா உள்ள போன் இருக்கலாம். தன் குரல் நன்றாக இருக்கிறது என்கிற நம்பிக்கையும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது. என்னிடம் சேர்ந்திருந்தன. கம்பெனி ஆயுத பூஜைக்கு மைக் பிடிப்பது நான். தெருக் கோயிலில் கூழ் ஊற்றும்போது "பக்தகோடிகள் வரிசையில் வரவும்" என்பது நான். ஒருமுறை யாரோ "சேகர் கொரலு ரேடியோகாரன் மாதிரி கீதுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

ஏழுமலை அண்ணனும் நானும் புதுவாயலில் எதிரெதிர் வீடு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு உதிரிபாகக் கம்பெனியில் பேக்கிங் வேலை. அவருக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. செக்கச்செவேலென்று பழுத்த கம்பி இயந்திரத்தின் ஒரு பக்கத்திலிருந்து பாம்பு போலப் பாய்ந்து வரும். அதை நீள இடுக்கியால் கழுத்தில் பிடித்து, அப்படியே திருப்பி, அடுத்த வாயில் கொடுக்க வேண்டும். கொடுத்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். இருபது வருஷமாக அதைச் செய்தவர். கேட்டால், "அது வரும், நான் புடிப்பேன், அவ்ளோதான்" என்பார்.

அந்த இரைச்சலில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. அந்த ஆலைக்குள் யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் கேட்காது. வாயை மட்டும் அகலமாகத் திறந்து மெதுவாக அசைப்பார்கள். எதிராளி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இந்தப் பழக்கம் அண்ணனோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கஸ்தூரி அண்ணியிடமும் அவர் உதட்டாலேயேதான் பேசுவார், குரல் போட மறந்துவிடும். அண்ணியும் அப்படியே பதில் சொல்வார். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி மல்லிகா ஒருநாள் கவலையோடு அண்ணியிடம், "இன்னாக்கா, ஊட்ல எதுனா சண்டையா? பேச்சு சத்தமே காணோம்" என்று விசாரித்தாள். "சண்டையா? காலைலேர்ந்து வாய் வலிக்க வலிக்க பேசிக்கினு கீறோம்மா" என்றார் அண்ணி.

வேலை முடிந்து வந்ததும் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் நானும் அண்ணனும் உட்கார்வோம். என் போனில் ஆவணப்படம் ஓடும். எனக்கு அதில் பைத்தியம். எவனோ ஒருவன் கயிறில்லாமல் மலையேறுவான். எவளோ ஒருத்தி மூச்சடக்கிக் கடலுக்குள் போவாள். பனிதேசத்தில் ஒரு குடும்பம் மீனைப் புதைத்துவைத்து, அழுகிய பிறகு எடுத்துச் சாப்பிடும். பூகம்பத்தில் வீட்டை இழந்தவர் அதே இடத்தில் ரொட்டிக்கடை போடுவார். எல்லாம் தமிழில் டப்பிங் செய்தவை. வெள்ளைக்காரன் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னதும், அதன்மேல் ஒரு கனமான தமிழ்க்குரல் வந்து உட்காரும். 'இந்த மலை என்னை அழைத்தது' என்று அது சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அண்ணனுக்குச் சிலிர்க்காது. அவருக்குத்தான் குரலே சரியாகக் கேட்காதே. அவர் பார்ப்பது வாயை.

"டேய் சேகரு, மல ஏறுறானே, அவன் ஊட்ல யாரும் தேடமாட்டாங்களா?"

"அது சாகசம்ணா."

"தோ, இவன் வாயப் பாரு. ஏதோ சிரிப்பா சொல்றான். உன் தமிழ்க்காரன் இன்னா சொல்றான்?"

"மரணம் என் தோளில் கை போட்டிருந்ததுன்றான்ணா."

"பொய்யி. வாயி அப்டி போவல. அந்தாளு ஏதோ சோறு சமாச்சாரம் பேசறான். உன்னாளு அவன பேசவே வுடமாட்றான், நைனா."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனை எச்சரிக்க முடியாது. நான் டீயைக் குடித்துவிட்டு அடுத்த படத்தைத் தட்டினேன்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஞானோதயம் வந்தது. சாகசம், பண்பாடு, உணவு, மனித மன உறுதி என்று நான்கு வகைப் படங்கள் பார்க்கிறோமே, நான்கும் சேர்ந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா தின்கிறாரே என்று. நெருப்புக் கம்பியைப் பிடிப்பது சாகசம். ஆடி மாதம் பெரியபாளையம் பவானி அம்மனுக்கு உடம்பெல்லாம் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவது பண்பாடு (மகள் பவித்ராவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் கண்டபோது வேண்டிக்கொண்டது, விடாமல் செய்துவந்தார்). தூக்குவாளியில் கொண்டுபோகும் கேழ்வரகுக் கூழும் கருவாடும் உணவு. மன உறுதி என்று எதைக் காட்டுவதென்று தெரியவில்லை. அதற்கு இசை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் ஒப்புக்கொண்டார். "எம் மூஞ்சிய யார்ரா பாப்பாங்கோ" என்று சொல்லிக்கொண்டே முடி வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆலைக்குள் கேமரா கூடாது. ஆகவே ஆலையின் பின்பக்கச் சுவரோரம் நிற்கவைத்தேன். உள்ளே கம்பி உருளும் சத்தம், இந்தப் பக்கம் கண்டெய்னர் லாரிகள். தள்ளிப் போயிருந்தால் அமைதியான இடம் இருந்தது. ஆனால் புகைபோக்கி படத்தில் தெரிய வேண்டும் என்பது இயக்குநரின் பிடிவாதம். சாகசக் காட்சிக்கு உண்மையான கம்பி கிடைக்காததால் ஒரு பிவிசி பைப்புக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி ஒரு பக்கம் நான் நீட்ட, அண்ணன் இடுக்கியால் பிடித்துத் திருப்பினார். பிறகு அங்கேயே குத்துக்கல்லில் உட்காரவைத்துக் கூழ் குடிக்கச் சொன்னேன். நடுநடுவே அவர் கேமராவைப் பார்த்து என்னென்னவோ பேசினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆவணப்படக்காரர்கள் ஆழமாகத் தலையாட்டுவார்கள் இல்லையா, அதேபோல ஆட்டினேன். பெரியபாளையத்திலும் இதே கதை. மேளத்துக்கும் உடுக்கைக்கும் நடுவே, வேப்பிலைக்குள்ளிருந்து, என்னைப் பார்த்து ரொம்ப நேரம் ஏதோ சொன்னார். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து முகத்தை இன்னும் கிட்டத்தில் எடுத்தேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் ஆலை இரைந்தது, லாரி இரைந்தது, உடுக்கை இரைந்தது. நடுவில் எங்கேயோ அவர் இருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் மறுபடி போய் அமைதியான இடத்தில் எடுத்திருப்பான். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஆவணப்படம் என்றால் ஒருவர் வாய்மேல் இன்னொருவர் குரல் வந்து உட்கார வேண்டும் என்றுதானே பழகியிருந்தேன். உட்காரக் குரல் தயாராக இருந்தது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவில்லை. என்ன சொன்னால் நன்றாக இருக்கும் என்று யோசித்தேன். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு (எதிரொலி வராமலிருக்க) பேசிப் பதிவு செய்து, இரைச்சலை மொத்தமாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். மல்லிகா வெளியே நின்று, "உள்ள யாரு செத்துட்டாங்கோ, இப்டி ஒப்பாரி வெச்சிக்கினு கீற?" என்றாள். அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள்.

படத்தைச் சேமிக்கும்போது போனில் இடமில்லை என்று வந்தது. எடுத்த துண்டுகளையெல்லாம் அழித்தேன். சமைத்தாகிவிட்டது, காய்கறித் தோல் எதற்கு என்கிற நினைப்பு.

"எப்பப்பா படத்த போடுவ?" என்று அண்ணன் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "தொடக்க இசை சரியா அமையலணா" என்பேன். உண்மையும் அதுதான். புல்லாங்குழலா வயலினா என்பதில் நான் உழன்றுகொண்டிருந்தேன்.

ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தவர், புதுவாயல் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். மடியில் தூக்கு அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அவர் தூங்குகிறார் என்று நினைத்து, வெயில் படாமல் தன் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தாராம். இதை அண்ணி திரும்பத் திரும்பச் சொல்வார், ஏதோ அதில் ஒரு ஆறுதல் இருப்பதுபோல.

காரியத்துக்கு முன்பு ஒருநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டார். பவித்ரா பழைய போன்களையெல்லாம் தரையில் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, எங்கூட்ல அவரு கொரலு எதுலயும் இல்லபா. காது கேக்காதுன்னு போன்லயே பேச மாட்டாரு. கல்யாண வீடியோவப் போட்டா மொத்தமும் பாட்டு. இது பாவம், அப்பா கொரலு எதுலனா கீதான்னு தேடிக்கினே கீது. நீதான் அவரு பேசறத புடிச்சிக்கினு போன. காரியத்தன்னிக்கி போடு. ஒருவாட்டி கேட்டுக்கறோம்."

இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "சும்மா பேச்சு இல்ல அண்ணி, டாக்குமென்டரியாவே பண்ணிட்டேன். பாத்தா அசந்துடுவீங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவைத் தாண்டுவதற்குள், தொடக்கத்துக்கு வயலின்தான் என்று முடிவும் செய்தேன்.

கருமாதி அன்று ஏரிக்கரையில் சடங்கு முடிந்து எல்லோரும் பந்தலுக்கு வந்தார்கள். படையலில் கூழும் கருவாடும் இருந்தன. பெண்கள் அண்ணிக்குக் கோடிச்சேலை போட்டு முடித்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்பு படம் என்று நானே மைக்கில் அறிவித்தேன். பவித்ரா முன்வரிசைக்கு வந்து, தன் போனைத் தூக்கி டிவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அப்பா குரலைப் பதிவு செய்துகொள்ள.

வயலின் அழுதது. சுவரோரம் அண்ணன் தோன்றினார். பெண்கள் விசும்பினார்கள். அவர் வாயைத் திறந்தார்.

"வணக்கம். நான் ஏழுமலை. நெருப்பின் நண்பன். இரும்பை வென்றவன்."

ஊத்துக்கோட்டையிலிருந்து வந்திருந்த அண்ணனின் தாய்மாமன் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னா, ஏழுமல எலெக்சன்ல நின்னானா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

திரையில் அண்ணன் பிவிசி பைப்பை இடுக்கியால் பிடித்துக்கொண்டிருந்தார். "அக்கினிச் சர்ப்பத்தின் கழுத்தை நெரிக்கும் கணமே என் வாழ்வு" என்றேன் நான், அவர் வாயால். வேப்பிலை கட்டிக்கொண்டு வந்தபோது, "அன்னையே, இப்பிறவி உனக்கே காணிக்கை" என்றேன். கூழ்க் காட்சியில் அவர் வாய் மூடி விழுங்கிக்கொண்டிருந்தபோதும் நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

பவித்ராவின் கை மெல்ல இறங்கியது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அதைப் பார்த்துதான் ரிமோட்டைத் தேடி எடுத்தேன். படத்தை நிறுத்தினேன். அப்போதுதான் அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"டாக்குமென்டரின்னா… அப்டிதான் அண்ணி… கொரலு மேல கொரலு…"

"செரி. அவரோடது எங்க?"

"போன்ல… எடம் பத்தலன்னு…"

மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் மைக் பிடிக்கிற வாய். தேவைப்படாத இடத்திலெல்லாம் பேசிவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் அது பைப்பில் தண்ணீர் நின்றதுபோல நின்றுவிட்டது.

அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். தெருவில் எனக்குப் பெயர் 'டப்பிங்கு'. என்னை மைக் பிடிக்கக் கூப்பிடும்போது, "உன் வாயில மட்டும் பேசு, போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வீட்டில், என் மகளிடம் பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டு, பழக்க தோஷத்தில் நான் பதில் சொன்னால், மல்லிகா போர்வையை எடுத்து என் தலையில் போடுகிறாள். உறவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தத் தாய்மாமன் "நெருப்பின் நண்பா" என்று கூப்பிட்டுத்தான் பக்கத்தில் உட்காரவைக்கிறார். பவித்ராவே இப்போது சிரித்துக்கொண்டு அந்த வசனங்களை என்னைப்போலப் பேசிக்காட்டுகிறாள். நானும் சிரிக்கிறேன். சிரிக்கும்போதெல்லாம் அவள் கை மெல்ல இறங்கியதும் கூடவே வந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் என் வாய் அடைத்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கிண்டலில் சேர்ப்பதில்லை.

அண்ணி, "வுடுபா. நீ ஒன்னும் அழிச்சிடல. மில்லாண்ட நின்னா அவரு சத்தம் வுட மாட்டாரு. வாய மட்டும்தான் தொறப்பாரு. அதுல எங்க இருக்கப்போவுது கொரலு" என்றார். அது உண்மைதானா, எனக்காகச் சொன்னாரா, தெரியாது. சுவரோரம் நின்று படம் எடுத்தபோது லாரிக்கு நடுவே ஒரு மனிதக் குரல் கேட்டதா என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒருநாள் கேட்டதுபோல இருக்கிறது. ஒருநாள் இல்லை.

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்து டிவிக்கு ரொம்பக் கிட்டத்தில் போட்டு உட்கார்ந்தார். ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, என் குரலை மொத்தமாக அடைத்தார்.

"மொதல்லேர்ந்து போடு."

போட்டேன். வயலினும் இல்லை, வணக்கமும் இல்லை. ஏழுமலை அண்ணன் சத்தமில்லாமல் வாயைத் திறந்தார். அண்ணி அந்த உதட்டையே பார்த்தபடி, சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தார்.

"'லாரி போவட்டும்டான்னா கேக்கறானா பாரு'ன்றாரு."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பைப் காட்சி வந்தது.

"'கம்பி புடிக்கிறவன பிளம்பர் ஆக்கிட்டியேடா'… 'தோ பாரு, தலைய தலைய ஆட்றான். இவனுக்கு ஒன்னும் கேக்கல'."

தாய்மாமன்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பந்தலே சிரித்தது. வேப்பிலைக் காட்சியில் அண்ணன் கண்ணை இறுக்கிக்கொண்டு, நான் பக்தி என்று நினைத்த அந்த நீண்ட பேச்சைப் பேசினார்.

"'சேகரு, எறும்பு கடிக்குது. எலய ஒதறி கட்டல. சீக்கிரம் எட்றா, உள்ள எங்கெங்கயோ கடிக்குது'."

பவித்ரா அழுதுகொண்டே சிரித்தாள். போன் மறுபடி மேலே வந்திருந்தது. இப்போது அதை டிவி பக்கம் பிடிக்கவில்லை, அம்மா பக்கம் பிடித்திருந்தாள். திரையில் அண்ணன் தூக்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அண்ணிக்குச் சிரிப்பு வந்து, நடுவில் உடைந்தது.

"'கஸ்தூரி இன்னிக்கி உப்பு போட மறந்துட்டா. அவகிட்ட சொல்லிடாத, பாவம், காலைலேர்ந்து ஓயாத வேல'ன்றாரு."

கடைசிக் காட்சி. அதில் நான் "வாழ்க்கை ஒரு போராட்டம், நன்றி" என்று பேசி வைத்திருந்தேன். அண்ணன் தூக்கை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை என்னைப் பார்க்காமல் கேமராவை நேராகப் பார்த்து, மெதுவாக, வாயை அகலமாகத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். படம் முடிந்தது.

அண்ணி அதைச் சொல்லவில்லை.

"அம்மா, அப்பா இன்னா சொன்னாரு?" என்று பவித்ரா கேட்டாள்.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. கறுத்துப்போன டிவியைப் பார்த்து, அந்த வீட்டு வழக்கப்படி, குரல் போடாமல், உதட்டை மட்டும் மெதுவாக அசைத்து ஏதோ பதில் சொன்னார். சொல்லி முடித்து, ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, புதுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இலை போடப் போனார்.